பழைய கோவில்களில் ஒளிக்காட்சி: மட்டக்களப்பிலிருந்து ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் இருக்கிற பழைய கிறிஸ்தவக் கோவில்களில் ஏதாவது ஒன்றில் இரவு நேர ஒளிக்காட்சி வைத்தால் என்ன என்று எங்கள் பிள்ளைகள் சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வெளிநாட்டில் உள்ள அண்ணன்மாரும் மச்சாள்மாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை அது. கூரையில் நட்சத்திரங்கள் ஓடுகின்றன, தூணைச் சுற்றிக் கொடி படர்கிறது, பீடத்துக்கு மேலே வானம் திறக்கிறது. இதைக் கேட்ட பெரியவர்கள் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. "கோவில் என்ன தியேட்டரா?" என்ற ஒரே கேள்வியில் கதையை முடித்துவிடுகிறார்கள்.

அப்படி முடிக்க வேண்டிய கதை அல்ல இது. நான் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். மகள் லண்டனிலும் தம்பி மொன்றியலிலும் இருப்பதால், அங்கே போய் நின்ற காலங்களில் தேவாலயங்களுக்குள் வைக்கப்பட்ட டிஜிட்டல் கலைப் படைப்புகளைத் தேடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் ஊருக்கும் இது வர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அங்கே ஓடுகிற படத்தை வாங்கிவந்து எங்கள் சுவரில் ஓட்டுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். எந்தக் கோவிலில் வைக்கிறோமோ அந்தக் கோவிலுக்கென்றே, இந்த ஊர்ப் பிள்ளைகளே செய்ததாக இருக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நான் பார்த்தவற்றைச் சொல்ல வேண்டும்.

லண்டன் புனித பவுல் பேராலயத்துக்குள் போகிற எல்லோரும் அந்தப் பெரிய குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தபடிதான் நடப்பார்கள். பாடகர் பகுதிக்குத் தெற்குப் பக்கமாக ஒரு ஒடுக்கமான நடை போகிறது. அதன் முடிவில் நான்கு திரைகள் நெட்டுக்குத்தாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நிற்கின்றன. அமெரிக்கக் கலைஞர் பில் வயோலாவும் அவருடைய மனைவி கிரா பெரோவும் சேர்ந்து செய்த 'மறைசாட்சிகள்', அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்கள், என்ற படைப்பு அது. 2014இல் அங்கே வைத்தார்கள். மண், காற்று, நெருப்பு, நீர் என ஒவ்வொரு திரையிலும் ஒரு மனிதர். ஒருவர் மண்ணில் புதைந்து கிடக்கிறார். அந்த மண் மேல்நோக்கிப் பறந்து போகிறது. ஒரு பெண் கையும் காலும் கட்டப்பட்டுத் தொங்குகிறாள். காற்று அவளை அலைக்கிறது. ஒருவர் கதிரையில் இருக்கிறார். அவரைச் சுற்றி நெருப்பு விழுகிறது. ஒருவர் தலைகீழாகத் தொங்குகிறார். மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. எல்லாம் ஏழு நிமிடம் அளவில் முடிந்து மறுபடி தொடங்குகிறது. சத்தம் என்பதே இல்லை.

நான் போனபோது அந்த நடையில் பலவிதமான ஆட்கள் நின்றார்கள். படம் எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டு வந்த பொடியன் ஒருவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டான். யாரும் அவனை அதட்டவில்லை. சத்தமில்லாத படைப்புக்கு முன்னால் ஆட்களும் தானாகவே சத்தமில்லாமல் ஆகிவிடுகிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தத் திரைகளுக்கு முன்னால் நின்று, அது வேறு யாருடைய கதையோ என்று நினைக்கவே முடியாது. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், எங்கள் புனித மரியாள் பேராலயத்துக்குள் வைத்தே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு மறைக்கல்வி முடித்து வெளியே நின்ற சிறுபிள்ளைகளும் அதில் போனார்கள். லண்டனில் அந்த நால்வரையும் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்தது எங்கள் ஊர் முகங்கள்தான். வயோலா எங்களைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். ஆனால் யாருடைய பெயரையும், எந்த நாட்டின் கொடியையும் அவர் அதில் போடவில்லை. அதனால் என் துக்கத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது. மகள் பக்கத்தில் நின்றாள். வெளியே வரும்வரை நாங்கள் இருவரும் கதைக்கவில்லை.

இதில் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு. அந்தத் திரை ஒவ்வொன்றும் வீட்டு டீவியை நிமிர்த்தி வைத்த அளவுதான். கூரையையோ தூணையோ அது தொடவில்லை. பூசை தன் பாட்டுக்கு நடக்கிறது, படைப்பும் தன் பாட்டுக்கு இருக்கிறது. 'டிஜிட்டல் கலை' என்றதும் கோவில் முழுவதும் கலர் லைட் அடிப்பதாகத்தான் நாங்கள் நினைக்கிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பேராலயத்தில் லூக் ஜெரம் என்ற பிரித்தானியக் கலைஞரின் நிலாவைப் பார்த்தேன். ஏழு மீட்டர் குறுக்களவுள்ள பலூன். நாசா எடுத்த நிலாப் படங்களை அதன் மேல் அச்சிட்டு, உள்ளிருந்து வெளிச்சம் கொடுத்து, நடு மண்டபத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பந்தில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் நிலாவில் ஐந்து கிலோமீற்றர். பிள்ளைகள் நிலத்தில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதே நிலா நூதனசாலைகளிலும் நீச்சல் குளத்துக்கு மேலும் தொங்குகிறது. கோவிலுக்குள் இருப்பதனால் அது வேறாகிவிடவில்லை. ஒருமுறை பார்த்தேன், அவ்வளவுதான்.

மொன்றியல் நோத்ர டாம் பசிலிக்காவில் நடப்பது வேறு வகை. 'ஓரா' என்று பெயர். மொமன்ட் பக்டரி என்ற அந்த நகரத்து நிறுவனம் 2017இல் தொடங்கியது. முதலில் ஆட்கள் இருட்டுக்குள் மெதுவாக நடந்து பக்கப் பீடங்களையும் ஓவியங்களையும் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு வெளிச்சம் அசைகிறது. பிறகு எல்லோரும் வாங்கில் இருக்க, இருபது நிமிடமளவில் பெரிய காட்சி. அந்தக் கோவிலின் கூரை முன்பே ஆழ்ந்த நீலத்தில் பொன் நட்சத்திரங்கள் வரைந்தது. ஒளி அந்த நட்சத்திரங்களில் இருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவையும் அளந்து, அதன் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கேயே படத்தையும் முடித்திருக்கிறார்கள். 1820களில் அந்தக் கோவிலைக் கட்டிய ஜேம்ஸ் ஓடொனல் ஐரிஷ் நாட்டவர், புரட்டஸ்தாந்துக்காரர். சாகிற நேரத்தில் கத்தோலிக்கராகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். அவர் கட்டிய வளைவுகளை இன்றைய பிள்ளைகள் இவ்வளவு மரியாதையாகப் படித்திருப்பதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. அதே நிறுவனம் 2023இல் பாரிசின் இன்வலிட்ஸ் குவிமாடத்துக்குள் காட்சி வைத்தபோதும், மொன்றியல் படத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்தக் கட்டடத்துக்கென்று புதிதாகவே செய்தார்கள்.

ஆனாலும் மொன்றியல் காட்சியின் நடுவில் புயல் வருகிறது. இடியும் மின்னலுமாக வாங்கே அதிர்கிறது. பக்கத்தில் இருந்த தம்பியின் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளும் மட்டக்களப்பில் வளர்ந்தவள். முன் வரிசையில் இருந்தவர்கள் ரசித்துச் சிரித்தார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது வெறும் இடிதான்.

எங்கள் ஊரில் இந்தக் காட்சியைச் செய்யப்போகிற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் முதல் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். கோவில் கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, ஆட்களை நெருக்கமாக இருத்தி, திடீரென்று ஒரு பெரிய சத்தம் போடுவது மட்டக்களப்பில் செய்யக்கூடிய காரியம் அல்ல. கதவுகள் திறந்திருக்க வேண்டும். இருட்டு மெல்ல மெல்ல வர வேண்டும். வெளியே போகும் வழி எல்லோருக்கும் தெரிகிற மாதிரிச் சின்ன விளக்குகள் எரிய வேண்டும். ஒலி வேண்டுமென்றால் தண்ணீர்ச் சத்தம், ஒரு குரல், ஓர் ஆர்மோனியம் போதும். ஒன்றும் இல்லாமலே செய்தால் இன்னும் நல்லது.

சரி, திருச்சபை இதற்கு இடம் தருகிறதா என்பதற்கு வருகிறேன். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1210ஆம் இலக்கம், புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் உதவுகிறவைக்கே இடம் என்கிறது. அந்த இடத்தின் தூய்மைக்கு முரண்படாத வேறு பயன்பாட்டுக்கு ஆயர் அந்தந்தச் சந்தர்ப்பத்தில் அனுமதி கொடுக்கலாம் என்றும் அதே இலக்கம் சொல்கிறது. 1987இல் வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் கோவில்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகள் பற்றி ஒரு கடிதம் அனுப்பியது. உள்ளே வருகிறவர்களிடம் காசு வாங்கக் கூடாது, எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும், முடிந்தவரை நற்கருணையைப் பக்கச் சிற்றாலயத்தில் வைக்க வேண்டும், வருகிறவர்களின் உடையும் நடத்தையும் இடத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பவை அதில் உள்ளன. இசைக்குச் சொன்னது ஒளிக்கும் பொருந்தும். மொன்றியலில் டிக்கெட் இருக்கிறது. அவ்வளவு பெரிய பழைய கட்டடத்தைப் பராமரிக்கிற செலவு அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் டிக்கெட் வைத்தால், யார் பார்க்க வேண்டுமோ அவர்கள்தான் முதலில் வாசலில் நின்றுவிடுவார்கள்.

"தியேட்டரா?" என்று கேட்கிறவர்கள் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மன்றாட்டமாகக் கேட்கிறேன். அன்று கோவிலில் ஒரு விளக்கும் எரிவதில்லை. வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்காத் திரியை ஏற்றி, இருட்டுக்குள் கொண்டு வருகிறோம். "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று குரு பாட, ஒரு திரியிலிருந்து அடுத்த திரிக்கு, ஒரு வாங்கிலிருந்து அடுத்த வாங்குக்கு வெளிச்சம் போகிறது. கட்டடமும் இருட்டும் ஒளியும் சேர்ந்து பேசுவது எங்களுக்குப் புதிதல்ல. பாலன் குடிலுக்கு மின்குமிழ் கட்டுகிறோம், பெரிய வியாழன் இரவில் பீடம் சோடிக்கிறோம், ஊர் முழுவதும் சேர்ந்து இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகம் போடுகிறோம். இதையெல்லாம் செய்கிற பிள்ளைகள்தான் இன்று கணினியில் படம் செய்கிறார்கள்.

எதிர்ப்பு வரும்தான். ஜெர்மனியில் கொலோன் பேராலயத்துக்கு கேர்ஹார்ட் ரிக்டர் என்ற ஓவியர் 2007இல் ஒரு சாளரம் செய்து கொடுத்தார். 72 நிறங்களில் ஏறக்குறைய 11,500 கண்ணாடிச் சதுரங்கள். எந்த நிறம் எங்கே வருவது என்பதைப் பெரும்பாலும் கணினி குலுக்கிப் போட்டது. புனிதர் உருவம் ஒன்றுகூட இல்லை. அந்த நகரத்துக் கர்தினால் மைஸ்னர், இது பள்ளிவாசலுக்கு வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று குறை சொன்னார். முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. சாளரம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

இனி எங்கள் சுவர்களுக்கு வருவோம். ஐரோப்பாவின் பெரிய கோவில்கள் பல, கருங்கல்லும் மணற்கல்லுமாக இருண்டவை. எங்கள் பழைய கோவில்களோ சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளை அடித்தவை. வெள்ளைச் சுவர் ஒளியை விழுங்காது, திருப்பித் தரும். அங்கே ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். இங்கே ஏழு மணிக்கெல்லாம் வருடம் முழுவதும் இருட்டு. சிறுபிள்ளைகளும் வயோதிபர்களும் பார்த்துவிட்டு நேரத்தோடு வீடு போகலாம். வகுப்பறையில் பாவிக்கிற புரொஜெக்டர் மூவாயிரம் லூமன் அளவில்தான் வரும். அதை வைத்து முழுக் கூரையையும் நிரப்ப முடியாது. ஆனால் ஒரு வளைவை, ஒரு ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலுள்ள சுவரை நிரப்பத் தாராளமாகப் போதும். பெரிய புரொஜெக்டர் கொழும்பிலிருந்து வாடகைக்கு எடுக்க வேண்டும், அதன் சூட்டுக்கும் கரண்ட் போனால் வருகிற கரைச்சலுக்கும் முகம் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே மலைக்கத் தேவையில்லை. மாரியில் மட்டும் வைக்காதீர்கள். வாவி ஈரமும் கடல் உப்பும் இயந்திரங்களைச் சும்மா விடாது.

ஒரு விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பு இருக்கக் கூடாது. பழைய சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. சுண்ணாம்புச் சாந்துக்குள் இன்றைய ட்ரில்லை விட்டால் உள்ளே எவ்வளவு கழன்றது என்பது வெளியே தெரியாது. பிறகு சீமெந்து வைத்து அடைப்பார்கள். அந்தச் சீமெந்து ஈரத்தை மூச்சுவிட விடாது. சில மாரிக்குள் பக்கத்துச் சாந்தும் உதிரும். எல்லாக் கருவியும் நிலத்தில், தன் காலில் நிற்க வேண்டும். பழைய ஓவியம், சொரூபத்தின் துணி இவற்றில் ஒளி நேரே விழாமல் படத்தில் அந்த இடத்தைக் கறுப்பாக விட்டுவிடலாம். ஒளிபட்டு மங்கிய நிறம் திரும்பி வராது என்பது சித்திரம் படித்த எல்லோருக்கும் தெரியும்.

யார் செய்வது என்பதற்கு நாங்கள் தூரம் போக வேண்டாம். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை, நடனம், நாடகம் படிக்கிற பிள்ளைகளோடு, கட்புலக் கலையும் அதன் தொழில்நுட்பமும் படிக்கிற பிள்ளைகளும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சைவர்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள். அது நல்லதுதான். நாங்கள் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கோவிலை முதல்தடவை பார்க்கிற கண்ணும் வேண்டும்.

எதைக் காட்டுவது? எங்கள் கோவில்களே அதைச் சொல்லும். 1814இல் கடல் கடந்து வந்து அடுத்த ஆண்டே இந்த ஊரில் இறந்துபோன மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் இருக்கிறார். வீட்டுக்குள் இன்னும் போர்த்துக்கேயம் பேசத் தெரிந்த, ஐரோப்பியர் வழிவந்த பறங்கிய முதியவர்கள் இருக்கிறார்கள்; அந்த மொழியில் அவர்கள் சொல்கிற செபத்தைப் பதிவு செய்து ஒரு சுவரோடு மெல்ல ஒலிக்கவிட்டால் கேட்கிறவர்கள் அசையமாட்டார்கள். எங்கள் கோவில் வாங்குகளைச் செய்த தச்சர்களின் கை இருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி இருக்கிறது. கடல் ஊருக்குள் வந்த 2004 டிசம்பர் 26 காலை இருக்கிறது. நாவலடியிலும் டச்பாரிலும் அன்று போனவர்களின் பெயர்களை, ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமில்லாமல் ஒரு வெள்ளைச் சுவரில் எழுதி அழிய விட்டால் அதுவே போதுமான காட்சி. ஆனால் குடும்பங்களைக் கேட்காமல் ஒரு பெயரும் போடக் கூடாது. சீயோன் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது செய்வதென்றால் அந்தப் பெற்றோர் விரும்பினால் மட்டும், அவர்கள் சொல்கிற விதத்தில் மட்டும்.

நட்சத்திரமும் பூவும் பறவையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

முதல் வேலை காட்சி அல்ல. பங்குத்தந்தையரும் மெதடிஸ்த சபைப் போதகர்களும் ஆளுக்கொரு கோவிலை ஒரு கிழமைக்கு, பூசையும் ஆராதனையும் இல்லாத நேரத்தில், இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். அவர்கள் அளக்கட்டும், எல்லாப் பக்கமும் படம் எடுக்கட்டும், எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு என்ன வெளிச்சம் விழுகிறது என்று இருந்து பார்க்கட்டும். காட்சி ஒன்றும் வராமலே போனாலும் அந்த அளவுகள் ஒரு கோவிலைத் திருத்தும் நாளில் உதவும்.

வாசகர்களிடமும் கேட்கிறேன். 1978க்கு முந்திய கோவில் படங்கள், முதல் நன்மைப் படங்கள், கலியாணப் படங்கள் உங்களிடம் இருந்தால், பின்னால் நிற்கிற பீடத்துக்காகவும் கூரைக்காகவும் அவை வேண்டும். சூறாவளியிலும் சுனாமியிலும் சண்டைக் கால இடப்பெயர்விலும் எத்தனையோ வீடுகளில் ஆல்பங்கள் போய்விட்டன. வெளிநாட்டுக்குக் கொண்டுபோனவர்களிடம்தான் மிச்சம் இருக்கும். தொலைபேசி எடுக்கும்போது கேட்டுப் பாருங்கள். சேகரிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டுப் பிறகு தருகிறோம் என்று சொல்லாதீர்கள். ஸ்கானரைக் கையோடு கொண்டுபோய், அந்த வீட்டு மேசையிலேயே பிரதி எடுத்து, படத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு எழும்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திரபாட ஆசிரியை ஒருவர்,
புளியந்தீவு, மட்டக்களப்பு.